சாமை நழுவாத வடிகட்டி: உச்சிப்புளிப் பக்கத்துச் சமையற்கட்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் போகிற வழியில், ராமேசுவரம் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து காலைச் சாப்பாடு செய்து விற்கிறார்கள். சாமைப் பொங்கல், குதிரைவாலிக் கஞ்சி, கேப்பைக் கூழ், வெள்ளிக்கிழமையானால் தினைப் பாயசம். முன்பு இட்லி, இடியாப்பம்தான் போட்டார்கள். 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததும் ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயத்தில், மருமகள் துணிந்து பாதி அடுப்பைச் சிறுதானியத்துக்கு மாற்றினார். வாடிக்கையும் வந்தது. கூடவே வடிகட்டித் தொல்லையும் வந்தது.

சிறு உணவுத் தொழில் செய்பவர்களுக்குப் பாத்திரம், அடுப்பு, சுத்தம் பற்றி யோசனை சொல்வது என் வேலை. இவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த வடிகட்டி வாங்கணும்?" அதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் சொன்ன குறைகள் மூன்று. சாமை கழுவும்போது வடிகட்டியின் கண் (ஓட்டை) வழியாக நழுவிப் போகிறது. சாப்பிடுகிறவர்கள் பல்லில் மணல் கடிபடுகிறது என்கிறார்கள். புதிதாக வாங்கிய எவர்சில்வர் வடிகட்டியின் விளிம்பில் சீக்கிரமே பழுப்பு இறங்கிவிட்டது. மூன்றுக்கும் வடிகட்டியைத்தான் குற்றம் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கழுவுவதைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது வேறு: கண்ணளவு சம்பந்தப்பட்டது இந்த மூன்றில் ஒன்று மட்டும்தான். மற்ற இரண்டையும் கண்ணளவை மாற்றித் தீர்க்க முடியாது.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிறுதானியம் கழுவ இணையத்தில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் பிடி, தண்ணீர் தெளியும் வரை ஓடவிடு. இராமநாதபுரம் கடற்கரையில் அப்படி ஓடவிடக் குழாய் கிடையாது. இந்த வீட்டின் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத்தண்ணீர். காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வராத நாளில் வண்டிக்காரரிடம் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குவார்கள். நல்ல தண்ணீர் இங்கே மளிகைச் சாமான் மாதிரி செலவுக் கணக்கில் வருகிறது. அதனால் எந்த வடிகட்டியாக இருந்தாலும், அது ஒரு சட்டிக்குள் உட்கார்ந்து, சட்டியில் நிற்கிற தண்ணீரிலேயே தானியத்தைக் கழுவ விட வேண்டும். குழாயடியில் கையில் பிடித்துக் கழுவுவதற்கென்றே செய்த, நீளமான கைப்பிடி வைத்த வடிகட்டிகளை இந்தக் காரணத்துக்காகவே பார்வைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கண்ணளவு

வீட்டில் ஏற்கெனவே இருந்தது சோறு வடிக்கும் ஓட்டைத் தட்டு. அரிசிக்கு அது போதும். சாமையைப் போட்டு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதும் கீழே வெள்ளை மணி மணியாக இறங்கியது. மாமியார் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தா, தண்ணியோட சாமையும் கூடவே ஓடுது. பெறகு இது எதுக்கு?" மருமகள் உடனே, "அதான் அத்தை, சின்னக் கண்ணா ஒண்ணு வாங்கினேன். அது என்னடான்னா தண்ணியவே விட மாட்டேங்குது" என்று இன்னொன்றை எடுத்துக் காட்டினார். அது மாவு சலிப்பதற்கான சல்லடை. பிரச்சினையின் இரண்டு முனைகளும் அந்த வீட்டிலேயே இருந்தன.

எந்தத் தானியம் எந்தக் கண்ணில் நழுவும் என்பதற்கு மாமியாரின் வீட்டுக்காரர்தான் எளிதாக விளக்கம் சொன்னார். அவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். மீனின் நீளத்தை வலை பார்க்காது, உடம்புப் பருமனைத்தான் பார்க்கும் என்றார். தானியத்துக்கும் அதேதான். நீளமான மணி செங்குத்தாகத் திரும்பினால் வட்ட ஓட்டையில் அதன் அகலம்தான் கணக்கு, நீளம் கணக்கே இல்லை. ஓட்டை நீள்கோடாக இருந்தால் இன்னும் மோசம், அங்கே அகலம்கூடக் கணக்கில்லை, தடிமன்தான் கணக்கு. வில்லை மாதிரித் தட்டையான தானியம் நீள்கோட்டு ஓட்டையில் பக்கவாட்டாக நழுவிப் போய்விடும். விதை சுத்திகரிப்பு ஆலைகளில் வட்டக்கண் தகட்டையும் நீள்கண் தகட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு விதையைப் பிரிப்பது இதை வைத்துத்தான். சதுரக் கண் உள்ள கம்பி வலையில் ஒரு சூட்சுமம் உண்டு: ஒன்றரை மில்லிமீட்டர் சதுரத்தின் மூலைக்கு மூலை அளவு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வரும். தட்டை மணி அந்த மூலைவாட்டில் சாய்ந்து இறங்கப் பார்க்கும்.

இவர்கள் அடுப்பில் ஏறுகிறவற்றில் கேப்பை உருண்டை, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவு. தினை இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றி. சாமையும் குதிரைவாலியும் உமி நீக்கிய பிறகு அதற்கும் குறைவு. கசகசா ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. தண்டங்கீரை விதையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் முழு மணியின் அளவை மட்டும் வைத்துக் கண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். மில்லில் உமி நீக்கிய சாமையில் குருணை, அதாவது உடைந்த மணி இருக்கும். குருணை முழு மணியில் பாதிதான் இருக்கும். நழுவிப் போவது பெரும்பாலும் அந்தக் குருணைதான். தவிர, மணியின் அளவும் கண்ணின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மணி உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் கண்ணில் மாட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் பிரஷ் போட்டுத் தேய்க்கிற வேலை. ஆகவே கண், முழு மணியின் அகலத்தில் ஏறத்தாழ பாதி இருக்கட்டும் என்பது என் கணக்கு.

கம்பி வலை வாங்கும்போது மெஷ் என்று ஒரு எண் சொல்வார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதுதான் அது. 20 மெஷ் என்றால் ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் இடையில் 1.27 மில்லிமீட்டர். அதில் கம்பியின் கனத்தைக் கழித்தால்தான் உண்மையான திறப்பு தெரியும். கம்பி 0.4 மில்லிமீட்டர் என்றால் திறப்பு 0.87. 30 மெஷில் கம்பி 0.25 என்றால் திறப்பு 0.6. 40 மெஷ் போனால் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. பாத்திரக் கடையில் இந்த எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஸ்கேலை வலைமேல் வைத்துக் கைப்பேசியில் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். பிறகு அதைப் பெரிதாக்கி ஒரு சென்டிமீட்டரில் எத்தனை கண் என்று எண்ணுங்கள். எட்டு வந்தால் ஏறத்தாழ 20 மெஷ், பன்னிரண்டு வந்தால் 30, பதினாறு வந்தால் 40. மருமகள் வாங்கிய மாவுச் சல்லடையில் பதினாறுக்கும் மேலே வந்தது.

அவ்வளவு சின்னக் கண் ஏன் தண்ணீரை விடவில்லை? இரண்டு காரணம். ஒன்று, ஈரம் பட்ட நுண்வலையில் ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிடும், மேலே கனம் ஏறினால்தான் உடையும். இன்னொன்று, சாமையின் மேலே ஒட்டியிருக்கும் தவிடும் மாவும் தண்ணீரில் கரைந்து பசை மாதிரி கண்களை மூடிவிடும். அடியில் கையை வைத்துத் தட்டினால் இறங்கும், நிறுத்தினால் நின்றுவிடும். சிறுதானியம் என்றதும் இருப்பதிலேயே பொடிக்கண் வடிகட்டியை வாங்கச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். தினமும் ஒரு படி, இரண்டு படி கழுவுகிற சமையற்கட்டுக்கு அந்த யோசனை சரிப்படாது. சாமை, குதிரைவாலி, தினை, கேப்பை நான்குக்கும் 20 மெஷைச் சுற்றிய கண் போதும். அதற்குள்ளும் நழுவுகிற குருணைக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கடையில் சோதிக்க ஒரு சுலபமான வழி: வீட்டிலிருந்து காகிதப் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி சாமை கொண்டு போய், வடிகட்டியில் போட்டு, கீழே வெள்ளைத்தாளை விரித்து உலுக்கிப் பார்ப்பது. காய்ந்த மணி ஈர மணியைவிட வழுவழுவென்று ஓடும், நனைந்தது கொஞ்சம் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே உலர்வில் நழுவாதது தண்ணீரிலும் பெரும்பாலும் நழுவாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மணல்

இரண்டாவது குறைக்கு வடிகட்டியே மருந்து இல்லை. ஆனால் இதை ஒத்துக்கொள்ள வைப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. வடிகட்டி அளவைப் பார்த்துப் பிரிக்கும். தானியத்தைவிடச் சின்ன மணல் கீழே இறங்கிவிடும். தானியத்தின் அளவே உள்ள மணலை அது என்ன செய்யும்? சாமையோடு சாமையாக மேலேயே வைத்துக்கொள்ளும். பல்லில் கடிபடுவது அந்த மணல்தான்.

மணல் எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் மானாவாரியாக விளைகிற குதிரைவாலியைக் களத்தில் அடிக்கிறார்கள், களம் இல்லாத இடத்தில் தார்ச்சாலையில் பரப்பிக் காயப்போடுகிறார்கள். வண்டிச் சக்கரம் ஏறி இறங்கிப் பொடிந்த சரளையும் அதோடு சேர்ந்தே மூட்டைக்குள் போகிறது. இந்த வீட்டைப் பொறுத்தவரை இன்னொரு வழியும் இருந்தது. சாமான் வைக்கும் அறைக்கு ஜன்னல் கடல் பக்கம். காற்றுக் காலத்தில் திறந்த சாக்கில் மணல் தானாக விழும்.

அளவில் பிரியாததை எடையில் பிரிக்கலாம். மணல் அதே அளவுள்ள தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனம், தானியம் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். தண்ணீருக்குள் இரண்டும் மிதப்பு வாங்கிக்கொண்ட பிறகு பார்த்தால், ஒரே அளவுள்ள மணல் மணி தானிய மணியைவிடப் பல மடங்கு கனமாக நிற்கிறது. அதனால்தான் தானியத்தைத் தண்ணீரில் சுழற்றி விட்டால் மணல் அடியிலேயே கிடக்கும், தானியம் கிளம்பி வரும். நம் பாட்டிமார் அரித்து எடுத்தது இதைத்தான். உள்ளே வரிவரியாகப் பள்ளம் உள்ள அரிக்கஞ்சட்டி இதற்காகவே இருந்தது. கொஞ்சம் தண்ணீரோடு தானியத்தை அலசிச் சாய்க்கும்போது கல் அந்த வரிகளில் தங்கிவிடும்.

மாமியாருக்கு இது கை வந்த வேலை. மருமகளுக்குத் தெரியாது, பிறந்த ஊரில் பாக்கெட் அரிசிதான். ஒரு நாள் காலையில் மாமியார் அரிப்பதைக் கிட்டத்தில் பார்த்தேன். அகலமான அலுமினியச் சட்டியில் சாமையைப் போட்டு, அது மூழ்கி மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றினார். இடது கையால் சட்டியின் விளிம்பைப் பிடித்து, வலது உள்ளங்கையை மேலே படாமல் வைத்து ஒரு சுழற்று. சாமை மேகம் மாதிரி எழும்பியதும், அது அடங்குவதற்குள் பக்கத்துச் சட்டிக்குச் சாய்த்தார். முழுவதையும் சாய்க்கவில்லை. ஒரு கையளவு அடியில் விட்டுவிட்டார். மறுபடி தண்ணீர், மறுபடி சுழற்று. கடைசியில் மிஞ்சிய ஒரு பிடியை விரலால் தேய்த்துப் பார்த்தால் கறுப்புச் சரளை இரண்டும் வெள்ளை மணலும் நறநறவென்று கிடந்தன. "கடைசிப் பிடிய ஆசப்பட்டுப் போட்டீன்னா மொத்தப் பானையும் கெட்டுச்சு, தாயி" என்றார் மருமகளிடம். அந்தப் பிடி கோழிக்குப் போயிற்று.

அப்படியானால் வடிகட்டி எங்கே வருகிறது? சாய்க்கிற இடத்தில். இரண்டாவது சட்டிக்குள் வடிகட்டியை உட்கார வைத்து அதற்குள் சாய்த்தால், தானியம் வடிகட்டியில் நிற்கும், தண்ணீர் சட்டியில் சேரும். அதே தண்ணீரை எடுத்து அடுத்த சுற்றுக்கு ஊற்றலாம். அரிப்பதற்குப் புதுத் தண்ணீர் தேவையில்லை, கனத்தைப் பிரிக்கக் கலங்கல் தண்ணீரே போதும். இந்த ஒரு மாற்றத்தில்தான் அவர்கள் வீட்டுத் தண்ணீர்ச் செலவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியது.

தண்ணீர் தொடுமுன் சுளகு. தூசி, உமி, சாவியான பொக்கு மணி, வண்டு இவற்றை எல்லாம் தண்ணீரில் கழுவித்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. புடைத்தால் பறந்துவிடும். பொடி மணலையும் தவிட்டுத் தூளையும் உலர்ந்த வடிகட்டியில் போட்டு நாலு உலுக்கு உலுக்கினால் கீழே கொட்டிவிடும். உலர்வில் முடிகிற வேலையை ஈரத்தில் செய்யக் கூடாது என்பதைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற ஊரில் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தண்ணீர் எப்போது தெளியும் என்று காத்திருப்பது. சாமைக்கு மூன்றாம் தண்ணீரில் ஓரளவு தெளிந்துவிடும். கேப்பை அப்படித் தெளியாது. அதன் மேல்தோலில் உள்ள சாயம் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும், எத்தனை தடவை மாற்றினாலும் லேசான செம்பழுப்பு நிற்கும். அது அழுக்கு இல்லை. மருமகள் அதை அழுக்கு என்று நினைத்துக் குடம் குடமாகக் கொட்டியிருக்கிறார். கையில் எடுத்த தண்ணீரில் மண் படிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அதிகம் கழுவினால் தண்ணீரில் கரைகிற பி வகை வைட்டமின்களும் கூடவே போகும்.

துரு

மூன்றாவது குறையைத்தான் இந்தக் கடற்கரைக்கே உரியது என்று சொல்வேன். மதுரையில் பத்து வருடம் உழைக்கிற எவர்சில்வர் வடிகட்டி மண்டபத்தில் ஒரு மழைக்காலத்தில் பழுப்புக் கட்டுகிறது என்றால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உலோகங்கள் கடல்காற்றில் எப்படி அரிபடுகின்றன என்று பார்ப்பதற்கு, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில்தான் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டதும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதில் உள்ள குரோமியம் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்தியிருப்பதால். கீறல் விழுந்தாலும் காற்றில் உள்ள ஆக்சிஜனை வாங்கி அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். உப்பில் உள்ள குளோரைடு அதைத் துளைக்கும். அதுவும் ஆக்சிஜன் புகாத இடுக்கில் உப்புத்தண்ணீர் தேங்கி நின்றால், படலம் மறுபடி மூட வழியே இல்லாமல் அந்த இடத்திலேயே குழி பறிக்கும். கம்பி வலை வடிகட்டியில் அப்படிப்பட்ட இடுக்குகளில் மோசமானது இதுதான்: வலையின் ஓரத்தை மடித்துச் சுற்றிலும் பட்டை போட்டு நசுக்கியிருக்கும் விளிம்பு. மலிவானவற்றில் அந்தப் பட்டைக்குள்ளே சாதாரண இரும்புக் கம்பியையே வைத்து உருட்டிவிடுவதும் உண்டு. அப்போது வலை பளபளவென்று இருக்கும்போதே விளிம்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசியும்.

மருமகள் வாங்கிய வடிகட்டியில் நடந்தது ஏறக்குறைய அதுதான். வலையில் துரு இல்லை. விளிம்பின் ஒரு பக்கத்தில், கவிழ்த்து வைக்கும்போது கீழே வருகிற பக்கத்தில் மட்டும் பழுப்பு. காந்தத்தை வைத்தோம். வலையில் ஒட்டவில்லை, விளிம்பில் பளிச்சென்று ஒட்டியது. காந்தச் சோதனையை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது பாதி உண்மை. இறுக ஒட்டினால் நிக்கல் இல்லாத 430 வகையாகவோ வெறும் இரும்பாகவோ இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஒட்டாவிட்டால் நல்ல 304 என்று அர்த்தமில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201, 202 வகைகளும் ஒட்டாது. 304இல் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். கடலோரத்துக்கு அதைவிட உசத்தி, 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316. சமையற்கட்டு வடிகட்டியில் அது கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அந்த விலைக்கு இரண்டு 304 வாங்கிவிடலாம்.

எவர்சில்வரின் வகையைவிட விளிம்பின் வடிவத்துக்கு நான் அதிக மதிப்பெண் கொடுத்தேன். காரணம், இந்த வீட்டில் முதல் அலசல் உப்புத்தண்ணீரில்தான் நடக்கிறது, இனியும் அப்படித்தான் நடக்கும். வாங்குகிற தண்ணீரை மணல் கழுவச் செலவு செய்யச் சொல்வது என் யோசனையாக இருக்க முடியாது. இடுக்கே இல்லாத பாத்திரம் உப்புத்தண்ணீரைத் தாங்கும், இடுக்கு உள்ளது எந்த வகை எவர்சில்வராக இருந்தாலும் நெடுநாள் தாங்காது.

மற்றவை

நைலான் வலை போட்ட பிளாஸ்டிக் வடிகட்டியை மாமியார் விரும்பினார். துருப் பிடிக்காது, விலையும் குறைவு. உண்மைதான். ஆனால் வலை தொய்யும், அரை கிலோ ஈரச் சாமையின் கனத்தில் நடுவில் தொங்கும், பிரஷ் போட்டால் ஓரத்தில் பிய்யும். பிய்ந்த நூல் கஞ்சிக்குள் போனால் மணலைவிட மோசமான பேச்சு கிளம்பும். விற்பனைக்குச் சமைக்கிற இடத்தில் வேண்டாம் என்றேன்.

வேட்டித்துணி வேறு கதை. கசகசா, கீரை விதை மாதிரி ஒரு மில்லிமீட்டர் சாமான்களுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. கண்ணில் மாட்டுகிற பேச்சே கிடையாது, ஒரு மணிகூட வீணாகாது. கீழக்கரையிலிருந்து விருந்துக்கு ஆர்டர் வரும்போது குருமாவுக்குக் கசகசா அரைக்கிறார்கள், அதற்குத் துணிதான். பிரச்சினை கழுவிய பிறகுதான். கடல்காற்று ஈரமாகவே இருப்பதால் நிழலில் போட்ட துணி காய்வதில்லை, நாறிவிடும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு தரம் போட்டு எடுத்து வெயிலில் காயப்போட வேண்டும். கூழுக்குத் தினமும் கேப்பை கழுவுகிற வேலைக்கு அது தாங்காது. பதநீர் வடிக்கப் பன்னாடையை, பனை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கும் நாரை, பயன்படுத்துவதை மாமியாரின் வீட்டுக்காரர் நினைவூட்டினார். பூச்சியும் செத்தையும் அதில் நிற்கும், சாமை நிற்காது.

இடையில் கினோவா ஒன்று வந்து சேர்ந்தது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வாடிக்கையாளர், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பையோடு கொண்டுவந்து கொடுத்து, சமைத்துத் தரச் சொன்னார். பெரு, பொலிவியா நாட்டு மலைத் தானியம் அது, ஐ.நா. 2013ஐ அதற்கென்று ஒதுக்கியது. மேலே சபோனின் என்ற கசப்புப் பொருள் உண்டு, தண்ணீரில் சோப்பு மாதிரி நுரைக்கும். கடையில் வருவதைப் பெரும்பாலும் ஏற்கெனவே தேய்த்துக் கழுவித்தான் விற்கிறார்கள், இருந்தாலும் நுரை அடங்கும்வரை ஒரு இரண்டு அலசல் வேண்டும். வில்லை மாதிரித் தட்டையானது, ஆகவே நீள்கோட்டு ஓட்டை உள்ள தட்டில் வழிந்து ஓடும். வட்டக்கண்ணில் நின்றது. சாமைக்குப் பக்கத்தில் அதற்கு இங்கே என்ன வேலை என்று மாமியார் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

எடுத்த முடிவு

கம்பி வலையே இல்லாத, ஒரே எவர்சில்வர் தகட்டில் நெருக்கமாகப் பொடித் துளை போட்ட ஆழமான கிண்ணம் ஒன்றை இராமநாதபுரம் கடைத்தெருவில் பார்த்தோம். துளை வட்டம், ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி. விளிம்பு தகட்டையே வெளிப்பக்கம் மடித்துத் திறந்து விட்டது, உள்ளே உருட்டவில்லை, விரல் நகம் போய் வருகிற இடைவெளி. அடி தட்டை, அடியில் வளையம் இருந்ததால் சட்டிக்குள் ஆடாமல் உட்கார்ந்தது. பொட்டலத்துச் சாமையைப் போட்டு உலுக்கியதில் முழு மணி நின்றது, குருணையில் கொஞ்சம் இறங்கியது.

கம்பி வலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஒரு குறை உண்டு. தகட்டில் துளைக்கும் துளைக்கும் நடுவே உலோகம் அதிகம், அதனால் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். சட்டிக்குள் வைத்துத் தூக்கி எடுக்கிற முறையில் அது பெரிதாகத் தெரியவில்லை. குழாயடியில் பிடிக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

குருணை இறங்குகிறதே என்று மருமகள் தயங்கினார். இறங்கட்டும் என்றேன். கீழே சட்டி இருக்கிறது. அலசி முடிந்ததும் சட்டித் தண்ணீரைக் கொஞ்சம் நிற்கவிட்டால் குருணையும் பொடி மணலும் அடியில் தங்கும், மேலே உள்ள கழனித்தண்ணீர் ஆட்டுக்கு. அடியில் இருப்பதை அதே அரிப்பு முறையில் ஒரு சுழற்று சுழற்றினால் குருணை மேலே வரும், அதைக் கூழுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். உப்புத்தண்ணீர் அலசலில் தங்கிய குருணையை மட்டும் நல்ல தண்ணீரில் ஒரு முறை காட்டி எடுக்க வேண்டும், ஆட்டுக்கும் அந்த முதல் தண்ணீர் வேண்டாம். உப்புத்தண்ணீரில் தானியத்தை ஊறவிடவும் கூடாது. உலர்ந்த மணி முதலில் தொடுகிற தண்ணீரைத்தான் வேகமாக உறிஞ்சும், கரிப்பு உள்ளே போய்விட்டால் பாயசத்தில் தெரியும். போட்டதும் அலசிச் சாய்த்துவிட வேண்டியதுதான்.

விளிம்பு துருவேறிய வலை வடிகட்டியைத் தூக்கிப் போடவில்லை. உலர் சலிப்புக்கு அது நன்றாகவே உழைக்கும், தண்ணீர் படாத வரை விளிம்பும் அவ்வளவு சீக்கிரம் மோசமாகாது. மாவுச் சல்லடை மாவுக்கே திரும்பிப் போனது. துணி கசகசாவுக்கு. சோற்றுத் தட்டு சோற்றுக்கு. ஆக, புதிதாகச் செலவு செய்தது ஒரு கிண்ணத்துக்கு மட்டும்.

வேலை முறை இப்போது இப்படி ஓடுகிறது. முந்தின நாள் மாலையே புடைத்துச் சலித்து வைத்துவிடுகிறார்கள். காலையில் உப்புத்தண்ணீரில் அரிப்பு, கிண்ணத்தில் சாய்ப்பு, பிறகு நல்ல தண்ணீரில் சட்டிக்குள் வைத்து இரண்டு அலசல். கடைசியில் கிண்ணத்தையும் அதே நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்துக் கவிழ்க்காமல் ஆணியில் மாட்டுகிறார்கள். துடைப்பதை மருமகள் அவ்வப்போது மறந்துவிடுகிறார். பாத்திரம் வெளுக்கப் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைக்கிற பழக்கம் இருந்தது. அதிலும் குளோரைடு இருப்பதால் இந்தக் கிண்ணத்துக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சாமான் அறையின் கடல் பக்க ஜன்னலுக்குத் திரை வந்துவிட்டது, சாக்குகள் மூடி போட்ட தகர டின்னுக்கு மாறின.

மணல் புகார் நின்றது. அதற்குக் கிண்ணத்தைக் காரணம் சொல்ல மாட்டேன், மாமியாரின் கைதான் காரணம். அவர் இல்லாத நாட்களில் மருமகள் அரிக்கும்போது அடியில் விடுகிற பிடி கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, தானியச் சேதம் அந்த அளவுக்கு உண்டு. கை பழகப் பழகக் குறையும். வரிப்பள்ளம் உள்ள அரிக்கஞ்சட்டி ஒன்று கிடைத்தால் அவருக்கு வேலை எளிதாகும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். பாத்திரக் கடைகளில் கேட்டால் இப்போது வருவதில்லை என்கிறார்கள்.

கேப்பைக்குத்தான் இன்னும் முடிவாகவில்லை. முளைகட்டுவதற்கு ஊறவைத்த கேப்பையைக் கிண்ணத்திலேயே வடியவிட்டு மூடி வைக்கலாம் என்று மருமகள் சொல்கிறார். துளை வழியாக முளை வேர் இறங்கிச் சிக்கிக்கொண்டால் உரித்து எடுப்பது தனி வேலை, துணியிலேயே கட்டு என்கிறார் மாமியார். நான் மாமியார் பக்கம். மருமகள் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.